லொரெட்டாவின் இடது கை

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அறுபதுகளில் லண்டனின் செல்சிப் பகுதியில் ரூபர்ட் என்ற புகைப்படக்காரனிடம் வேலை பார்த்தேன். மெல்லிய தூரிகையால் படங்களில் உள்ள பருவையும் சுருக்கத்தையும் அழிப்பேன். அதை 'சுத்தம் பண்ணுவது' என்போம்.

2

"லொரெட்டா ஃபென் ஒரு தேவதை..."

(அடித்துவிட்டேன். ரூபர்ட் படமெடுத்த மாடலான அவளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியது அது. அவள் குதிகாலில் எப்போதும் கொப்புளம் இருக்கும்.)

"லண்டன் பெண்களெல்லாம் அவளைப் பார்த்து முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட வருஷம், லொரெட்டா சாப்பிடுவதையே..."

(இதுவும் வேண்டாம். நடந்ததற்கு வருகிறேன்.)

3

அட்டைப்படத்துக்குத் தேர்வான படம் என் மேசையில் கிடந்தது. அதில் அவள் இடது கையில் நான்கு விரல் தடங்கள் கன்றியிருந்தன. ரூபர்ட்டின் விரல்கள்.

"ஹில்டா, இந்த ஒண்ண மட்டும் சுத்தம் பண்ணாத," என்றாள் லொரெட்டா.

"ஏன்டி?"

"எங்கம்மா கிரிம்ஸ்பில மீன் வெட்டுது. என் படத்தையெல்லாம் அடுப்பங்கரைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கு. போன்ல அழுதா நம்ப மாட்டேங்குது. 'உனக்கென்னடி குறை, ராணியாட்டம் இருக்கே'ங்குது. இதப் பாத்தா அடுத்த ரயில்ல வந்து இழுத்துட்டுப் போயிடும்."

"என் வேலை போயிடும்டி," என்றேன்.

அவள் என் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

4

அழித்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.*

பத்திரிகை வந்து ஏழு வாரத்தில் லொரெட்டா செத்துப்போனாள். தூக்க மாத்திரை என்றார்கள். வயது இருபத்திரண்டு. இறுதிச் சடங்கில் அவள் அம்மா அந்த அட்டைப்படத்தை என்னிடம் காட்டினார்.

"எவ்ளோ நல்லா இருந்திருக்கா பாரும்மா. ஒரு குறையும் இல்ல."

நான் தலையாட்டினேன்.

*என் வாழ்நாளிலேயே நேர்த்தியான வேலை அதுதான். இதை வெட்டிவிட நினைத்தேன். இருக்கட்டும்.

5

ஒரு முடிவு: நான் தூரிகையைக் கீழே வைக்கிறேன். அம்மா ரயிலேறி வருகிறார், கையில் மீன் வாடையோடு. எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். மறுபடியும் சுத்தம் பண்ணுகிறேன் என்று புரிந்தது.

மேலேயும் ஓரிடத்தில் பண்ணியிருக்கிறேன். மூன்றாம் பகுதியைப் பாருங்கள். வேலை போய்விடும் என்று சாக்குச் சொன்னவளுக்கு யாராவது முத்தம் கொடுப்பார்களா?

நான் சொன்னது அதில்லை. "சரிடி, அப்படியே விட்டுடறேன்" என்றேன்.

தன் படம் வந்த பத்திரிகையை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை; என் வாக்கை நம்பி அந்த ஏழு வாரமும் அம்மாவை எதிர்பார்த்திருப்பாள். அதை நான் எழுத மாட்டேன், எழுதினால் அழகாக்கிவிடுவேன். நீங்கள் மூன்றாம் பகுதிக்குப் போய் என் பொய்யை அடித்துவிட்டு, நான் கொடுத்த வாக்கை அங்கே எழுதுங்கள். அங்கிருந்து கதையை இன்னொரு முறை படியுங்கள்.