குழியில் செருகிய வேப்பங்கொத்து

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. ஒருத்தி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றாள். சுடிதார் ஓரத்தில் சாம்பல் நிறத் தெறிப்புகள். பெயின்ட் என்று நினைத்தேன். ஸ்கூலில் கணக்கு டீச்சர். பெயர் ஜென்சி என்று வைத்துக்கொள்வோம்.

"சார், தொடர்கதை எழுதுறவர் நீங்கதானே? இதைப் பேரை மாத்தி எழுதிடுங்க. ஆனா எழுதிடுங்க."

"என்னம்மா, கொலையா?"

"அவ்வளவு இல்லைங்க சார். ஒரு ஆடு."

எனக்குப் பாதி ஆர்வம் போய்விட்டது. வாரத்துக்கு ஒரு பிணம் விழுந்தால்தான் என் அடுப்பு எரியும்.

2

ஆரம்ப வரிகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

'கொட்டும் மழையில் வாய்க்கால் கரையோரம் அந்தக் குழி வாயைப் பிளந்துகொண்டு—'

வேண்டாம். குழி அது பாட்டுக்குக் கிடந்தது.

'ஜென்சியின் கையிலிருந்த அந்தப் பொருளைப் பார்த்ததும் சவரிநாதனின் முகம்—'

இதுவும் வேண்டாம். பத்திரிகையாக இருந்தால் அந்தப் பொருள் என்னவென்று கடைசி வாரம் வரை மூச்சு விட்டிருக்கமாட்டேன். இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு வேப்பங்கொத்து. பிடுங்கியவள் ஜென்சி. மர்மம் முடிந்தது. மர்மத்துக்காக வந்தவர்கள் ராசிபலன் பக்கத்துக்குப் போகலாம்.

3

புத்தூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் சைக்கிளுக்கும் நடைக்குமாக ஒரு பாதை. ஞாயிறு காலையில் ஒரு சின்னக் குழு அதைச் சுத்தம் செய்கிறது. பாட்டில் சில்லு, கருவேல முள், அறுந்து தொங்கும் கேபிள், திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காய்.* தலைவர் சவரிநாதன், மன்னார்புரத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆபத்தைப் பற்றிப் பேசியே பிழைக்கிறவர்.

(*பூசணித் துண்டு வழுக்குகிற வழுக்கலுக்கு வாழைப்பழத் தோல் பக்கத்தில் நிற்க முடியாது. ஒருவர் கண்ணேறு கழிந்து இன்னொருவர் இடுப்பில் இறங்கும்.)

குழுவின் வழக்கம் இது: எடுக்க முடிந்ததை எடுப்பது, முடியாததில் ஒரு கொத்தைச் செருகுவது. விளக்குக் கம்பம் நட யாரோ தோண்டிப்போட்ட குழி ஒன்று பாதையோரம் கிடந்தது. கம்பம் வரவில்லை. மூடினால் 'யாரைக் கேட்டு மூடினாய்' என்பார்களே என்று சவரிநாதன் அதில் வேப்பங்கொத்து ஒன்றைச் செருகினார். ரோட்டில் கொத்து நின்றால் கீழே குழி. நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

அது பச்சையாக நிமிர்ந்து நிற்கும்வரை.

அடுத்த ஞாயிறுக்கு முந்தின ராத்திரி மழை. குழி நிறைந்து, வெறும் தேங்கின தண்ணீர் மாதிரித் தெரிந்தது. கொத்து காய்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. ஜென்சிக்கு அதுதான் குழுவில் முதல் நாள்.

"கிளை, குச்சி, முள்ளு, ஒண்ணு விடாதீங்க டீச்சர்" என்றார் சவரிநாதன்.

அவள் விடவில்லை. இழுத்துக்கொண்டுபோய்க் குப்பைக் குவியலில் போட்டாள்.

மறுநாள் காலை ஹஃப்ஸாவின் சைக்கிள் முன்சக்கரம் அந்தத் தண்ணீருக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற பெண். வலது மணிக்கட்டு முறிந்தது. ஊசி பிடிக்கிற கை.

[ஹஃப்ஸா வேகமாக வந்தாள் என்று ஒரு வரி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அது இருந்தால் ஜென்சிக்குப் பாரம் கொஞ்சம் இறங்கும். இறங்க வேண்டாம்.]

4

அன்று சாயங்காலம் டீக்கடையில் குழு கூடியது.

"நான் செருகுன கொத்து எங்கப்பா போச்சு?" என்றார் சவரிநாதன்.

"ஆடு தின்னிருக்கும்ங்க" என்றது ஒரு குரல்.

எல்லாத் தலைகளும் ஒன்றாக ஆடின. கரையில் ஆடு மேய்க்கிறவர் பிச்சமுத்து ஒருவர்தான். ஜென்சி வாயைத் திறந்தாள்.

"டீச்சர், டீ ஆறுது பாருங்க" என்றார் சவரிநாதன்.

அவள் டீயைக் குடித்தாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். சவரிநாதனுக்குத் தெரியுமா? தெரிந்தால் அவர் வில்லன். கதைக்குச் சௌகரியம். ஜென்சியிடமே கேட்டேன்.

"தெரியலைங்க சார். அன்னைக்குக் குப்பைக் குவியலுக்குத் தீ வச்சது அவர்தான்."

வில்லனாக ஆக்கலாம். ஆனால் கொத்தைச் செருகியவரும் அவரே. விட்டுவிடுகிறேன்.

5

குழு ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஹஃப்ஸாவைப் பார்க்கப் போயிருந்தபோது பிச்சமுத்து வந்து வாசலிலேயே நின்றார். என் பழைய கதைகளில் இவர் அரிவாளோடு வந்திருப்பார். 'என் ஆடு தின்னதைப் பாத்தது எவன்டா' என்று ஒரு வசனம், அத்தியாயம் முடியும். அப்படி அவர் கேட்டிருந்தால் நானே ஜென்சியிடம் கெஞ்சியிருப்பேன், சொல்லிவிடம்மா என்று. அவர் கேட்கவில்லை.

"தின்னிருக்கும் பாப்பா. அந்தக் கருப்பி எலெக்‌ஷன் போஸ்டரையே பசையோட திங்கும், வேப்பங்கொத்தை விடுமா? தப்பு எம்மேலதான். இனிமே கரைப் பக்கம் ஓட்டிட்டு வரமாட்டேன்."

"பரவால்லைங்கய்யா. ஆட்டுக்கு என்ன தெரியும்?" என்றாள் ஹஃப்ஸா. பிறகு குழுவைக் காட்டி, "நாலு பேர் இவங்க மாதிரி இருக்கப்போயிதான் அந்தப் பாதையே இருக்கு" என்று இடது கையால் பிஸ்கட் தட்டை ஜென்சி பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துக்கிட்டியாம்மா?" என்று ஜென்சியைக் கேட்டேன்.

"எடுத்துக்கிட்டேன் சார்."

கரையை விட்டால் அந்தச் சுற்று வட்டாரத்தில் புல் கிடையாது. மீதியெல்லாம் பிளாட் போட்டுக் கம்பி வேலி. பிச்சமுத்து ஆடுகளை ஒவ்வொன்றாக விற்கிறார். கருப்பிதான் முதலில் போனது.

6

முடிவு ஒன்று: ஜென்சி அவர் வீட்டுக்கு ஓடுகிறாள். உண்மையைச் சொல்கிறாள். பிச்சமுத்து அவளை நிமிர்ந்து பார்த்து

(இங்கேயே நின்றுவிட்டது. கறிக்கடைக்குப் போன ஆட்டை எந்த வரியால் திரும்ப ஓட்டிவருவது?)

முடிவு இரண்டு: கருப்பி தப்பித்து வந்து சவரிநாதனின் பாலிசி காகிதங்களை மென்றுவிடுகிறது. சிரிப்பீர்கள். அதனாலேயே வேண்டாம்.

"ஏம்மா, நீயே அவர்கிட்ட போய்ச் சொல்லிடலாமே?"

"அதான் உங்ககிட்ட சொல்லிட்டேனே சார். நீங்க எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ல?"

"பிச்சமுத்து கதை படிப்பாரா?"

அவள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

7

அன்று காலை, என்னைப் பார்க்க வருவதற்கு முன்னால் நடந்ததைக் கடைசியாகச் சொன்னாள். குழு ஒரு போர்டு செய்திருந்தது. 'இங்கு ஆடு மாடு மேய்க்கக் கூடாது.' எங்கே நடுவது? தயாராக ஒரு குழி இருந்ததே. இதற்கு யாரைக் கேட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. ஜென்சி கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். சவரிநாதன் சிமென்ட் கலவையைக் கொட்டினார்.

"கணக்கு டீச்சர்தானே, நேரா நிக்குதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"நேரா இருக்குங்க சார்."

சுடிதாரில் இருந்தது பெயின்ட் அல்ல.

"இன்னும் ஈரமாத்தானே இருக்கும்? ஒரு ஆள் இழுத்தா வந்துடும். உனக்குப் பிடுங்கத் தெரியாதா என்ன" என்றேன். கொஞ்சம் கொடூரமாகத்தான் சொன்னேன்.

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

"கதை எப்ப சார் வரும்?"

"சிமென்ட் காஞ்சப்புறம்மா."

நீங்கள் படிக்கும்போது காய்ந்திருக்கும். முடிவை உங்களிடம் விடலாம் என்று பார்த்தேன். ஆடு தின்னவில்லை என்று யாராவது அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். கரையில் தேடாதீர்கள், அங்கே போர்டு இருக்கிறது. பெயர்களையும் மாற்றிவிட்டேன். பிச்சமுத்து என்று கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார்.