சிவப்பு நாடா கட்டிய வரிசைகள்

கூடை வாங்க டவுனுக்குப் போயிருந்த நான் மத்தியானம் திரும்பி வந்தபோது, மேட்டிலிருந்த நான்கு வரிசை பீச் மரங்களிலும் பழம் இல்லை. இலை இருந்தது, கிளை இருந்தது, கிளைகளுக்குக் கொடுத்த முட்டுக்கம்பு இருந்தது. ஒரு பழம்கூட இல்லை. வண்டியை விட்டு இறங்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் உறைபனி எங்கள் அலபாமா பக்கத்துப் பூக்களையெல்லாம் கருக்கிப்போட்ட வருடம் அது. பள்ளத்து மரங்களில் பேருக்குக் காய்த்ததைப் பறித்து முடித்தாயிற்று. முழுசாகத் தப்பியது மேட்டு மரங்கள்தான். மறுநாள் சனிக்கிழமை தோட்டம் திறக்க வேண்டும். ஜனங்கள் வாளியும் பிள்ளைகளுமாக வந்து, தாங்களே பறித்து, எடை போட்டு வாங்கிப் போவார்கள். அதை நம்பித்தான் அடுத்த வருடம்வரை நானும் பண்ணையும் ஓட வேண்டும்.

பறித்து முடித்த மரங்களில் மிஞ்சுவதை சர்ச்காரர்கள் வந்து ஏழைகளுக்குக் கொண்டுபோவது இங்கே வழக்கம். புதிதாக வந்த பாஸ்டர் எல்டனிடம், முடிந்த வரிசைகளில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானேதான் சொல்லியிருந்தேன். அவர் இப்போது வியர்வையும் சிரிப்புமாக வந்தார்.

"வெர்னா, உங்க மனசு யாருக்கு வரும்! முடிஞ்ச வரிசைன்னீங்க, மரம் பூரா பழம்! ரெண்டு டிரக் ரொம்பிப் போச்சு."

"சிவப்பு நாடா கட்டியிருந்தேனே பாஸ்டர், பாக்கலையா?"

"அதைப் பாத்துத்தானே மேட்டுக்கே ஏறினோம். எங்க ஊர்ப் பண்ணைல எல்லாம், இங்க பறிக்கலாம்னுதான் சிவப்பு கட்டுவாங்க."

"இங்க அது தொடாதேன்னு அர்த்தம்யா!"

அவர் முகம் செத்துப்போனது. பாட்டுப் பாடிக்கொண்டே பறித்தார்களாம், பாவிகள்! ஊழியக்காரர் என்றும் பார்க்காமல் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். ஒரு பழம் விடாமல் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

பழம் போய்ச் சேர்ந்திருந்த, இலவச உணவு கொடுக்கும் கூடத்துக்கு வெளியே, வெயிலில், ஜனங்களின் வரிசை கட்டிடத்தைச் சுற்றிப் போயிருந்தது. யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தேன்.

"வரிசைல வாம்மா, நாங்கல்லாம் என்ன வேடிக்கை பாக்கவா நிக்கிறோம்?" என்றார் ஒரு பெரியவர்.

பதில் சொல்லத் திரும்பியவள் நின்றுவிட்டேன். அவருக்குப் பின்னால் என் அக்கா நாடீன். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் நீட்டிய ஒரு பை பழத்தை, "வீட்ல திங்க ஆளில்லடி" என்று தள்ளிவிட்டவள். கையில் காலிப் பை.

"அக்கா?"

பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "உனக்கு இங்க என்னடி வேலை?"

"நீ... எப்பலேர்ந்து?"

"ராய்க்கு மில்லுல வேலை போனதுலேர்ந்து. குளிர்காலமே போயிருச்சு. தெரிஞ்சுதுல்ல? போ, ஊர் பூரா தண்டோரா போடு." அவள் புருஷன் ராய் காரை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டான் என்று காதில் விழுந்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

வந்த காரியத்தை மறைத்து, "பழம் எடுத்துக் குடுக்க ஆள் பத்தலைன்னாங்க" என்று புளுகிவிட்டு உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் நின்று, என் பழங்களை நானே அள்ளி அள்ளிப் போட்டேன். நாளைக் காலையில் வாளியோடு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை. கைமட்டும் நிற்கவில்லை.

அக்காவின் முறை வந்தது. ஒரு பழத்தை எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது மேட்டு மரத்துப் பழம்ல? நாளைக்குத்தானேடி தொறக்கிறே?"

"பையை விரிச்சுப் பிடி, அக்கா" என்றேன்.