ஒற்றைப்படை எடை இல்லாத முயல்கள்

அறுபது முயல்கள், எட்டு மாதம், வாரம் ஒரு தடவை எடை. முதல் நாலு மாத எண்களில் கடைசி இலக்கம் எல்லாவிதமாகவும் கலந்து வந்தது. ஐந்தாம் மாதத்திலிருந்து ஒரே ஒரு ஒற்றைப்படை எண்கூட இல்லை. 812, 946, 1078, 1104. ஏறக்குறைய ஆயிரம் எடைகள், அத்தனையும் இரட்டைப்படை. அறுபது முயல்களும் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தால்தான் உண்டு.

எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறவள். முயலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதற்கு நீளமான காது என்பதுதான். ஆனால் கால்நடை ஆய்விதழ் ஒன்று தனக்கு வரும் கட்டுரைகளில் கணக்கு சரியா என்று பார்க்க என்னிடம் அனுப்பும். எழுதியவர் யாரென்று எனக்குச் சொல்ல மாட்டார்கள்; படித்துப் பார்த்தது யாரென்று அவருக்கும் சொல்ல மாட்டார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. பிறகு ஏன் செய்கிறேன் என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தப்பைக் கண்டுபிடிப்பதில் ஒரு ருசி. ஆய்விதழின் ஆசிரியர் எனக்கு 'மோப்பம்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார். அதைக் கேட்டு நான் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

முயல் கட்டுரை என்னிடம் வருவது இது இரண்டாவது சுற்று. ஆறு மாதத்துக்கு முன் வந்தபோது பதினாலு திருத்தங்கள் சொல்லி அனுப்பியிருந்தேன். அப்போது சராசரிகள் மட்டும்தான் அட்டவணையில் இருந்தன. இடையில் ஆய்விதழ் புதிய விதி போட்டதால் இந்த முறை எடைகள் மொத்தமும் இணைப்பில் வந்தன. நான் நேராக அங்கேதான் போனேன்.

அன்று மதியமே அறிக்கை எழுதி அனுப்பினேன். ஐந்தாம் மாதத்திலிருந்து முயல்களை யாரும் நிறுக்கவே இல்லை, எண்கள் உட்கார்ந்த இடத்தில் எழுதப்பட்டவை என்று. எழுதி முடித்தபோது சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

மறுநாள் ஆசிரியர் போன் செய்தார்.

"மேடம், உறுதியா சொல்றீங்களா? நான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியாகணும். அந்தப் பொண்ணோட டாக்டர் பட்டமே இந்தப் பேப்பர்லதான் நிக்குது."

பொண்ணு என்று சொல்லியிருக்கக் கூடாது. அவரே உணர்ந்து இருமிக்கொண்டார்.

"உறுதி சார்," என்றேன். யோசிக்க ஒரு மூச்சுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரத்தில் பல்கலைக்கழகம் அவளுடைய வாய்மொழித் தேர்வை நிறுத்தி வைத்தது. தரவுகள் மேல் கடுமையான சந்தேகம், விளக்கம் தரவும் என்று அவளுக்குக் கடிதம் போயிருந்தது. என்ன சந்தேகம் என்று அதில் இல்லையாம். விசாரணை முடியும்வரை என் அறிக்கை ரகசியம். கூடவே பல்கலைக்கழகம் ஆய்விதழையும் கேட்டிருந்தது: எண்கள் கற்பனை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

"ரெண்டு பக்கம் விரிவா எழுதிக் கொடுங்க மேடம்," என்றார் ஆசிரியர்.

கரும்பு தின்னக் கூலியா என்றிருந்தது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் எல்லாரையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தேன். கணவர், மகள், ரொட்டி கொடுக்க வந்து மாட்டிக்கொண்ட நாத்தனார். நாத்தனார் எங்கள் தெருமுனையில் பேக்கரி வைத்திருக்கிறாள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன்.

"எண்ணூறு கிராமுக்கும் ஆயிரத்தி இருநூறு கிராமுக்கும் நடுவுல நூறு முயல் எடை எழுதுங்க. யோசிக்காம, வேகமா. நிறுத்துப் பாத்த மாதிரி இருக்கணும்."

"உயிரோட இருக்கிற முயலா?" என்று கேட்டார் கணவர்.

"எழுதுங்க சும்மா."

"எனக்கு என்ன கிடைக்கும்?" இது மகள்.

"திட்டு கிடைக்கும்."

என் கணக்கு இதுதான். அவசரமாகப் பொய் எழுதுகிறவன் கைக்கு இரட்டைப்படைதான் சுலபமாக வரும். வீட்டிலேயே அதைச் செய்து காட்டி, எண்ணிக்கையோடு அறிக்கையில் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் வாயைத் திறக்காது.

கணவர் முப்பதாவது முயலில் கொட்டாவி விட்டார். மகள் நூறையும் எழுதி முடித்துவிட்டு நூற்றியொன்றாவது முயலுக்குத் தொப்பி வரைந்தாள். தாள்களை வாங்கி எண்ணினேன். மகளின் எண்களில் இருபத்தாறு ஏழில் முடிந்தன. கணவருக்கு மூன்றின் மேல் என்னவோ பாசம். இரண்டு பேரிடமும் ஒற்றைப்படைதான் கொட்டிக் கிடந்தது. மறுபடியும் எண்ணினேன். அதேதான்.

"ஏன் இவ்வளவு ஏழு போட்டே?" என்று மகளைக் கேட்டேன்.

"முழுசா எழுதினா பொய்னு தெரிஞ்சிடும்ல? எண்ணூத்தி அம்பதுன்னு எழுதறதைவிட எண்ணூத்தி நாப்பத்தேழுன்னு எழுதினா நிஜம் மாதிரி இருக்கு."

என் கணக்கு என் வீட்டு மேசையிலேயே கவிழ்ந்தது. எரிச்சலோடு நாத்தனாரின் தாளை எடுத்தேன். 904, 1016, 888, 1142. கீழே வரைக்கும் விரலை ஓட்டினேன். நூறும் இரட்டைப்படை.

"பாத்தீங்களா!" என்று கத்திவிட்டேன். "இதுதான் நான் சொன்னது. சொல்லு, ஏன் எல்லாமே இரட்டைப்படையா எழுதினே?"

நாத்தனார் திருதிருவென்று விழித்தாள். "நிறுத்த மாதிரி எழுதச் சொன்னீங்களே அண்ணி. நிறுத்தா ஒத்தப்படை எங்கேர்ந்து வரும்?"

"ஏன் வராது?"

"எங்க கடை மெஷின் ரெண்டு ரெண்டாதானே ஏறும். நூத்தி நாப்பது, நாப்பத்திரெண்டு, நாப்பத்திநாலு. பதினோரு வருஷமா மாவு நிறுக்கறேன், ஒரு நாள்கூட நாப்பத்திமூணுன்னு காட்டினதில்ல."

"எல்லாத் தராசும் அப்படியா?"

"இல்ல அண்ணி. சின்னது ஒண்ணு ஒண்ணா காட்டும். அதிக எடை தாங்கறது ரெண்டு ரெண்டா, அஞ்சு அஞ்சா போகும். நீங்க தராசையே பாத்ததில்லையா?"

கணவர் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டு நாத்தனாரை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பின்கட்டில் மேசை மேல் இருந்தது அந்தத் தராசு, ஓரமெல்லாம் காய்ந்த மாவு. ஒரு உருண்டை மாவை வைத்தேன். 236. ஒரு துளி கிள்ளி எடுத்தேன். 236. இன்னொரு துளி. 234. மிளகளவு, கடுகளவு என்று கிள்ளிக்கொண்டே போனேன். வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இருபது தடவை கிள்ளியும் ஒற்றைப்படை எண் ஒன்று அந்தக் கண்ணாடியில் எட்டிப்பார்க்கவில்லை.

"அண்ணி, போதும். அது நாளைக்கு விக்கிற பன்னு," என்று நாத்தனார் மாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

நாலு மாதம் ஒரு தராசு, பிறகு வேறொரு தராசு. அவ்வளவுதான். அப்படியானால் கட்டுரையில் அதை ஏன் எழுதவில்லை? எழுத வேண்டியதுதானே? வீட்டுக்கு நடக்கும்போது அவள் மேல்தான் கோபம் வந்தது. என் புத்தி அப்படி.

கணினியைத் திறந்து ஆறு மாதத்துக்கு முந்தைய முதல் பிரதியைத் தேடி எடுத்தேன். ஐந்தாம் பக்கத்தில் இருந்தது: 'பதினெட்டாம் வாரத்தில் தராசு பழுதானதால், பக்கத்துத் துறையிலிருந்து இரண்டு கிராம் இடைவெளியில் காட்டும் தராசு ஒன்று இரவல் பெறப்பட்டு, மீதி எடைகள் அதில் எடுக்கப்பட்டன.' இரண்டாம் பிரதியில் அந்த வரி இல்லை. ஏன் இல்லை என்பது இரண்டாம் பிரதியோடு அவள் அனுப்பிய பதில் தாளில் இருந்தது. என் பதினாலு திருத்தங்களில் ஒன்பதாவது: 'தராசு பழுதான கதையெல்லாம் வாசகருக்கு எதற்கு? நீக்கவும்.' அதற்குக் கீழே அவளுடைய பதில்: 'மதிப்பாய்வாளருக்கு நன்றி. நீக்கிவிட்டோம்.'

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உண்மையை எழுதியிருந்தாள். எடு என்றேன், எடுத்தாள். இல்லையே என்று சொல்லி அவள் தலையில் கல்லைப் போட்டதும் நானேதான்.

ஆசிரியருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான். பெருமூச்சு விட்டார்.

"நல்ல வேளை மேடம். 'சந்தேகம் தீர்ந்தது'ன்னு ஒரு வரி அனுப்பிடறேன். உங்க பேர் எங்கயும் வராது."

"சந்தேகம் தீரல சார். சந்தேகமே தப்பு. அந்த வரியை எடுக்கச் சொன்னது நான். அதையும் எழுதுங்க."

"அதெப்படி எழுதறது? நாளைக்கு நாம திருப்பி அனுப்பின எல்லாரும், உங்க ஆளுங்க படிச்ச லட்சணம் இதுதானேன்னு சண்டைக்கு வந்து நிப்பாங்க. ரகசியம்னு ஒரு விதி வெச்சிருக்கோம், அது உங்களைக் காப்பாத்தத்தான்."

"அவளை யாரு காப்பாத்தறது?"

"அதான் தீர்ந்ததுன்னு எழுதறேனே."

எழுதினார். ஒரே ஒரு வரி. வாய்மொழித் தேர்வுக்கு மறுபடி தேதி கொடுத்தார்கள். அது பொதுமக்களும் வந்து கேட்கலாம் என்று பல்கலைக்கழகம் அறிவிப்பு போடும் தேர்வு. தலைப்பில் முயல் இருந்ததால் என் கண்ணில் பட்டது. ரயிலில் இரண்டரை மணி நேரம்.

"அங்க போய் என்ன பண்ணப் போறே?" என்றார் கணவர்.

"சும்மா பாக்கத்தான்."

"சும்மா பாக்க நீ எங்கயும் போனதா எனக்கு ஞாபகம் இல்ல," என்றவர், ரயிலடி வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

பொண்ணு என்று ஆசிரியர் சொன்னதை வைத்து இருபத்தைந்து வயது என்று மனதில் வரைந்து வைத்திருந்தேன். மேடையில் நின்றவளுக்கு நாற்பதுக்குக் குறையாது. காதோரம் நரை. முன்வரிசையில் அவளுடைய கணவரும் பள்ளிச் சீருடையில் ஒரு பையனும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையில் அட்டை பிய்ந்த பெரிய நோட்டு ஒன்று. பேச்சு தெளிவாக இருந்தது. தீவனத்தில் எதைக் குறைத்தாள், ஏன் குறைத்தாள், எந்த முயல் முரண்டு பிடித்தது என்று அவள் சொல்லச் சொல்ல, வந்த காரியத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒல்லியான மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்தார்.

"ஆய்விதழ் உங்க டேட்டா மேல சந்தேகம்னு எழுதியிருக்கு. அப்புறம் தீர்ந்ததுன்னு எழுதியிருக்கு. எப்படித் தீர்ந்ததுன்னு எழுதலையே?"

"என்ன சந்தேகம்னே எனக்கு யாரும் சொல்லல சார்."

"அப்ப நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடறது? சந்தேகம் பின்பாதி மேலதான்னு தெரியுது. அந்தப் பாதியை மறுபடி செஞ்சு காட்டிடுங்க. நாலு மாசம்தானே."

சொல்லிக்கொண்டே தாளில் எழுதவும் தொடங்கிவிட்டார். நாலு மாதம் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். முன்வரிசையில் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய வழிகாட்டி கூரையில் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சபையில யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று துறைத்தலைவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

எழுந்தேன்.

"கேள்வி இல்ல சார். சந்தேகப்பட்டது நான்தான். எப்படித் தீர்ந்ததுன்னு நான் சொல்றேன்."

என் பெயர், கல்லூரி, எல்லாவற்றையும் சொன்னேன். இரட்டைப்படை எண்கள், தராசு, ஒன்பதாவது திருத்தம், பேக்கரி. பேக்கரியைச் சொன்னபோது பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மதிப்பாய்வாளர் தன்னை வெளிப்படுத்தக் கூடாது என்ற விதியை மீறிவிட்டேன் என்பதையும், இனி அந்த ஆய்விதழில் எனக்கு வேலை இருக்காது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

தேர்வாளர் பேனாவை மூடினார். "அந்த நோட்டைக் கொடுங்க," என்று அவளிடம் கை நீட்டினார். பதினெட்டாம் வாரத்தை அவளே திருப்பிக் காட்டினாள். தராசு இரவல் வாங்கிய தேதி, கொடுத்தவரின் கையெழுத்து. வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

நடைபாதையில் அவள் நேராக என்னிடம் வந்தாள். அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். நன்றி சொல்லிவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது. இரண்டும் இல்லை. அவள் முகத்தில் கோபம்கூடத் தெரியவில்லை. எங்கோ ஒரு முயல் ஏன் தின்னவில்லை என்று பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"ஏன் ஒத்தப்படையே வரலன்னு ஆசிரியர் மூலமா ஒரு வரி என்னைக் கேட்டிருக்கலாமே? அதுக்கு விதி இருக்கே. அன்னைக்கே பதில் சொல்லியிருப்பேன். ஏன் கேக்கல?"

வாயைத் திறந்தேன். அதற்குள் கதவு திறந்தது. துறைத்தலைவர் எட்டிப்பார்த்துச் சிரித்தார். "உள்ள வாங்க டாக்டர்," என்றார். அவள் கணவர் பையனைத் தூக்கிக்கொண்டார். யாரோ கை தட்டினார்கள்.

அவள் திரும்பித் துறைத்தலைவருக்குத் தலையாட்டினாள். உள்ளே போகவில்லை. என் பதிலுக்காக நின்றாள்.

"தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டேம்மா," என்றேன். "அதனால கேக்கல."