படத்தில் இல்லாத குமுதா

துணி கிளிப்பால் கயிற்றில் மாட்டிய கொக்குகள் மின்விசிறிக் காற்றில் அசைகின்றன, பக்கத்தில் உப்புக் குவியல்கள், வரப்பில் குந்தி வெற்றிலை போடும் பெண்கள், எல்லாம் என் மனைவி செங்கமலம் உப்பளத்து வேலை முடிந்து வந்து சிமெண்டுப் பையின் உட்பக்கத்தில் அடுப்புக்கரியாலும் மஞ்சளாலும் வரைந்தவை, யாரிடமும் கற்றுக்கொள்ளாதவள், அவளுக்காக ஊர் இன்று பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்திருக்கிறது, நான் மூன்றாவது முறையாக முதல் படத்திலிருந்து தொடங்குகிறேன், கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. என்ன மாமா, எதையாவது தொலைச்சிட்டீங்களா, என்று கேட்கிறார் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த வைரக்கண்ணு வாத்தியார், ஒண்ணுமில்ல வாத்தியாரே, என்கிறேன், ஆனால் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், இத்தனை படங்களில் ஏதாவது ஒன்றின் மூலையிலாவது எங்கள் குமுதா இருக்க மாட்டாளா, ஐந்து வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போனவள், போன ஒரே மாதத்தில் செங்கமலம் அவளை வீட்டுச் சுவரில் அவள் உயரத்துக்கே வரைந்துவிட்டாள், நான் வேலை முடிந்து நுழைகிறேன், பிள்ளை சுவரில் சாய்ந்து நின்று என்னைப் பார்க்கிறாள், கண்ணை மூடினாலும் பார்க்கிறாள், மறுநாள் செங்கமலம் உப்பளத்துக்குப் போனதும் சுண்ணாம்பைக் கரைத்தேன், பாதத்திலிருந்து தொடங்கி மேலே மேலே, கண் வந்தபோது கை நின்றது, பிறகு அதையும் பூசினேன், திரும்பி வந்தவள் சுவரைப் பார்த்தாள், என் முழங்கையில் காய்ந்திருந்த வெள்ளையைப் பார்த்தாள், உலை வைத்தாள், முப்பத்தொரு வருஷம் ஆகிறது, இல்லை, இன்று காலைதான் பூசியது போல் இப்போதும் முழங்கை அரிக்கிறது.

மாமா இல்லன்னா இந்தக் கலை ஏது, அத்தைக்குத் தூணா நின்னவரு, ரெண்டு வார்த்தை பேசுங்க மாமா, வாத்தியார் குரல், கைதட்டல், தோளில் சால்வை விழுகிறது, கைக்கு மைக் வருகிறது. நான் அவ படத்தை அழிச்சவன், என்கிறேன், வாசல் வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து என் குரல் எனக்கே திரும்பி வருகிறது, எம் மவளைச் சுண்ணாம்பு வச்சு மூடினவன், எனக்கு எதுக்கு இது, சால்வையை நாற்காலியில் வைக்கிறேன், செங்கமலம் எழுந்து வந்து மைக்கை வாங்கி வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு என்னைச் சன்னலோரம் கூட்டிப்போய் உட்கார வைக்கிறாள்.

அப்புறம் ஏன் அவளை வரையவே இல்ல, எம்மேல கோவமா, என்று கேட்கிறேன். மொதல்ல கோவம்தான், என்கிறாள், பொறவு நீங்க இல்லாதப்பல்லாம் கரியை எடுத்துப் பாத்தேன், மொகம் வரல, எனக்கு மறந்துபோச்சுங்க. சொல்லிவிட்டு அழைப்பிதழைத் திருப்பி மடியில் வைக்கிறாள், வாத்தியாரிடம் பென்சில் வாங்குகிறாள், சுவத்துல நீங்கதான் அவளைக் கடைசியாப் பாத்தீங்க, சொல்லுங்க. இத்தனை வருஷம் பார்க்காமல் இருக்க நான் ஓடி ஓடித் திரிந்த முகம், சொல்லத் தொடங்குகிறேன், நெத்தி கொஞ்சம் துருத்தி இருக்கும், புருவத்துல ஒரு வெட்டு, அம்மி மேல விழுந்தது, சிரிச்சா ஒரு கன்னத்துலதான் குழி. எந்தப் பக்கம், என்கிறாள் நிமிராமல். இடது பக்கம், என்கிறேன், நம்ம இடது இல்ல, அவளோட இடது.