இளகாத முட்டி

ஆட்டு முட்டியில் குருத்தெலும்பு எலும்போடு சேருகிற இடம் சுண்ணாம்பு ஏறிக் கல்லாகக் கிடக்கும். அதை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமானால், முதலில் ஆசிட்டில் ஊறவைத்துச் சுண்ணாம்பை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சீவுகிற பிளேடு போய்விடும். வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துவந்த ஷர்மிளாவுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அவள் வாங்கிவந்த முட்டிதான் மசியவில்லை.

ஊறிய ஆசிட்டில் கொஞ்சம் எடுத்து, சுண்ணாம்பைக் காட்டிக்கொடுக்கிற மருந்தை விட்டுப் பார்ப்பாள். கலங்கினால் சுண்ணாம்பு இன்னும் இறங்குகிறது, தெளிந்திருந்தால் முடிந்தது. அது தினமும் மோராகக் கலங்கியது. புது ஆசிட் மாற்றினாள். மறுநாளும் மோர்.

"இன்னாம்மா, அது ஆட்டு முட்டியா, கோட்டைச் சுவரா?" என்றார் பேராசிரியர் கோதண்டபாணி.

ரோஷம் தாங்காமல் பள்ளிகொண்டாவில் முட்டி வாங்கிய கறிக்கடைக்கே போனாள்.

"பாய், அந்த ஆடு இன்னா தின்னுச்சு? முட்டி இளகவே மாட்டேங்குது."

"கறி வேகலன்னு வந்து நிப்பாங்க. முட்டிக்காக வந்த மொத ஆள் நீதாம்மா," என்றார் கடைக்காரர் சத்தார். "குக்கர்ல எத்தினி விசில் வச்ச?"

"ஆசிட்ல வச்சேன் பாய்."

சத்தார் கத்தியைக் கீழே வைத்தார். "உங்க ஊட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

திரும்பி வந்த எரிச்சலில், முட்டியே போடாத புது ஆசிட்டில் மருந்தை விட்டுவிட்டாள். அதுவும் கலங்கியது. பிறகு, ஆசிட்டோடு கலப்பதற்குக் கேனில் வைத்திருந்த வெறும் தண்ணீரில் விட்டாள். மோர்.

"பிரேம்நாத், இது டிஸ்டில்டு வாட்டர்தானே?"

கூடப் படிக்கும் பிரேம்நாத் தலையைச் சொறிந்தான். "மிஷின் ரிப்பேர். சார் திட்டுவாருன்னு போர் தண்ணி புடிச்சு வச்சேன். பாக்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு."

பக்கெட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை கட்டுகிற தண்ணீர் அது. ஷர்மிளா ஓடிப்போய் முட்டியை இடுக்கியால் தூக்கினாள். செருப்பு வார் மாதிரி மடங்கித் தொங்கியது. என்றைக்கோ இளகி, அளவுக்கு மீறி ஊறிப்போயிருந்தது. சாயம் ஏற்றிப் பார்த்தாள். சாயம் பிடிக்காமல் வெளுத்த துணியாகத்தான் தெரிந்தது. அழுகை வருகிற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, கேனைப் பிரேம்நாத் தலையில் ஏற்றினாள். புது முட்டி ஒழுங்காக இளகியது. குருத்தெலும்பு செக்கச்செவேலென்று நின்றது.

கோதண்டபாணி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இதான் ஆடு," என்றார். "மொதல்ல வாங்குனது கிழடும்மா."

"ஆமா சார்," என்றான் பிரேம்நாத் முந்திக்கொண்டு.