வெள்ளைக் கல் மேலே

அயர்லாந்தின் கால்வே நகரத்திலிருந்து காலையில் புறப்படும் சுற்றுலாப் பேருந்துக்கு மாலக்கி டியர்னிதான் ஓட்டுநர், அவன்தான் வழிகாட்டியும். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கன்னத்தருகே வளைந்து நிற்கும் மைக்கில் பேசிக்கொண்டு போவான். இடிந்த கோட்டை, பாறைமுகடு, மதியத்துக்கு ஒரு மதுக்கடையில் சூப்பும் ரொட்டியும், மாலையில் மறுபடி நகரம். நடுவில் கில்வார்னா என்ற சிற்றூரைத் தாண்டியதும் கடலைப் பார்த்தபடி ஒரு மேட்டுநிலம் வரும். எந்தக் கையேட்டிலும் இல்லாத இடம். ஆனால் பயணிகள் ஊர் திரும்பி எழுதும் பாராட்டுகளில் அதுதான் அடிக்கடி வந்தது.

அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் அவன்தான். போன வருஷம் வசந்தத்தில் முன்னால் போன பால் லாரி ஒன்று பள்ளத்தில் சரிந்து வழியை மறித்தது. பேருந்தில் இருந்தவர்களைக் காற்று வாங்க இறக்கிவிட்டான். கல்மதிலில் ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியே உள்ளே போன ஒரு பெண் தரையில் கிடந்த கற்களைப் பொழுது போகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"இது உங்க ஊர் வழக்கமா?" என்று ஒருவர் மாலக்கியைக் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா. தூரத்துல இருக்கறவங்கள நெனச்சு ஒரு கல்லு வைப்பாங்க. வெள்ளைக் கல் கிடைச்சா அதுதான் மேல வரணும்."

வாயில் வந்ததைச் சொன்னான். கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய மகள் சிட்னியில் இருந்தாள். அன்றிலிருந்து பேருந்து அங்கே நின்றது.

வெள்ளைக் கற்கள் சில எளிதில் வரவில்லை. யாரோ ஊன்றி வைத்தவை போலப் புல்லுக்குள் பிடித்துக்கொண்டிருந்தன, ஆட்டிப் பிடுங்க வேண்டியிருந்தது. அவற்றுக்கு ஒரு வரிசை இருந்ததையும் மாலக்கி பார்த்தான். இந்த நாட்டில் பிறந்த ஒருவனுக்கு, தேவாலயத்துக்கு வெளியே, பெயரில்லாத சிறு கற்களின் வரிசை எதுவாக இருக்கும் என்று தெரியாமல் போகாது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கும் அதைப் பற்றிக் கேட்பதற்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே அவன் வசதியாக நின்றுகொண்டான்.

ஒருமுறை கேட்கவும் செய்தான். நிலத்துக்காரர் கோல்மன் லாலி, எண்பதைத் தாண்டியவர், டிராக்டரில் அந்த வழியாகப் போனார்.

"நாங்க இங்க நிக்கறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

கோல்மன் அடுக்கி வைத்த கற்களைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"அவங்க பாட்டுக்கு இருக்காங்க. இன்னிக்கு வெயிலு நல்லாத்தான் இருக்கு."

இந்தப் பக்கத்து மனிதர் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வெயிலைப் பற்றிப் பேசினால் அதற்கு என்ன பொருள் என்பது கால்வேயில் வளர்ந்த மாலக்கிக்கும் தெரியும். இங்கே யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார் என்று நம்புவார்கள். மாலக்கி அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டான்.

செப்டம்பரில் ஒரு நாள் டிராக்டர் அந்த இடைவெளிக்குக் குறுக்கே நின்றிருந்தது. கோல்மன் அதன் சக்கரத்தில் சாய்ந்துகொண்டிருந்தார். மாலக்கி பேருந்தை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"என்ன கால்வே துரை, காத்து பலமா இருக்கா?"

"மேடம் ஒருத்தங்களோட தொப்பி பறந்துடுச்சு. இந்நேரம் பாஸ்டன் போய்ச் சேர்ந்திருக்கும்."

"தொப்பி போனாப் போகட்டும். அங்க போன எம்பிள்ளைங்களே திரும்பி வரல."

வைக்கோலைப் பற்றிப் பேசினார்கள். கால்வே அணி ஹர்லிங் மட்டைப்பந்தில் தோற்றதைப் பற்றிப் பேசினார்கள். பேருந்துக்குள் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் தம்பி. பெருசா ஒண்ணுமில்ல" என்றார் கோல்மன்.

மாலக்கி பேருந்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"இந்த வெள்ளைக் கல்லுங்க இருக்கே. எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குமா உங்களுக்கு?"

"எல்லாமா?"

"எல்லாம் வேணாம். ஒண்ணு போதும்."

கோல்மன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார். மணமான முதல் வருஷத்தில் மனைவி நோரீனுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குத் தேவாலயக் கல்லறையில் இடமில்லை. மற்ற தகப்பன்மார் செய்ததைத்தான் அவரும் செய்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெட்டியைச் சுமந்து இங்கே வந்தார். கடற்கரையிலிருந்து எடுத்து வந்த வெள்ளைக் கல் ஒன்றை ஊன்றினார். நோரீன் குழந்தையைப் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்கவும் இல்லை, அவரும் சொல்லவில்லை. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போனார்கள். அந்த ஒரு பேச்சு மட்டும் வீட்டுக்குள் வரவே இல்லை.

"இப்ப பாதிரியார் வந்து இந்த நெலத்த செபம் பண்ணி மந்திரிக்கப் போறாராம், ஞாயித்துக்கெழம. அவங்கவங்க கல்லுகிட்ட நிக்கணும்னு சொல்லியிருக்காரு. நேத்து சாப்பிடும்போது நோரீன் கேட்டா. எங்க நிக்கணும்னு கேட்டா. காட்டறேன்னு சொல்லிட்டேன்."

"நீங்க ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே" என்றார் கோல்மன்.

மாலக்கி பேருந்துக்குத் திரும்பினான். கனடாவிலிருந்து வந்த ஒரு பெண் கேமராவோடு படியில் நின்றிருந்தாள்.

"இறங்கலாமா? இதுதானே கல் அடுக்கற இடம்?"

"இன்னிக்கு முடியாதுங்க. உள்ள மாடு இருக்கு."

"ஒரு மாடும் தெரியலையே" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அயர்லாந்துல மாடுகூட வெக்கப்பட்டு ஒளிஞ்சுக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாலக்கியும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். அன்று கால்வே திரும்பும்வரை மைக்கில் அதிகம் பேசவில்லை. களைப்பாக இருக்கிறது போலும் என்று நினைத்து ஒரு கிழவி அவனுக்கு மிட்டாய் கொடுத்தாள்.

சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை. தன் காரில் கில்வார்னாவுக்கு வந்தான். கோல்மன் முன்பே வந்து அடுக்குகளைக் கலைத்துக்கொண்டிருந்தார். இருவருமாகக் கற்களைப் புல்லில் பரப்பினார்கள். பிடுங்கிய குழிகள் பெரும்பாலும் மூடிப்போயிருந்தன. திறந்திருந்த சில குழிகளிலும் எந்தக் கல் பொருந்தும் என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் கைக்குள் அடங்கும் கற்கள், எல்லாம் கடல் தேய்த்தவை.

கோல்மன் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தார். முள்மரத்துக்கு இந்தப் பக்கம் என்றார். இல்லை, அப்போது மரம் இவ்வளவு படரவில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து மதில்மேல் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி முதலில் மாலக்கிக்குக் கொடுத்தார். அந்தத் தேநீரைக் குடிக்க அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

"ஒண்ணு எடுங்க" என்றார் கோல்மன்.

"எத?"

"எதையாவது. பார்க்க நல்லா இருக்கறதா. அந்த மரத்துகிட்ட ஊனிடலாம்."

"கோல்மன்..."

"அவளுக்கு நிக்க ஒரு எடம் வேணும் தம்பி. அவ்வளவுதான். ரொம்ப காலமா எடமில்லாம இருக்கா."

மாலக்கி ஒரு கல்லை எடுத்தான். கோல்மன் மண்ணைக் கீறிக் கொடுக்க, அவனே அதை ஊன்றி, சுற்றிலும் புல்லை அழுத்திவிட்டான். அழுத்தும்போது கைக்கடியில் என்ன இருக்கும் என்று யோசிக்காமலிருக்கப் பார்த்தான். முடியவில்லை.

ஞாயிறு மதியம் அவன் வந்திருக்க வேண்டியதில்லை. வராமலிருக்கவும் முடியவில்லை. ஐந்தாறு குடும்பங்கள் வந்திருந்தன. பெரும்பாலும் வயதானவர்கள், நல்ல கோட்டு அணிந்திருந்தார்கள். இரண்டு ஆண்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் நடுவில் நின்றார்கள். அவர்களும் கற்களைத் தேடுகிறார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. கோல்மனின் ஒரு கல்லைப் பற்றித்தான் இத்தனை நாள் யோசித்திருந்தான்.

நோரீன் சிறிய உருவம். கோல்மனின் முழங்கையைப் பிடித்தபடி மேட்டில் ஏறி வந்தாள். முள்மரத்தருகே கோல்மன் நின்று விரலால் காட்டினார்.

நோரீன் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"மண்ணு புதுசா இருக்கே" என்றாள்.

"மழை பேஞ்சிருக்கும்."

"கல்லுக்கு மட்டுமா மழை பேஞ்சுது?" அவள் நிமிர்ந்தாள். மாலக்கி மதிலருகே நிற்பதைப் பார்த்தாள். "நீங்கதானே பஸ்ஸு ஓட்டறவரு?"

"ஆமாங்க."

"இங்க வாங்க தம்பி. இந்த மனுஷன் என் மனசு நோகக் கூடாதுன்னு என்ன வேணா சொல்லுவாரு. நான் அவரக் கேக்கல. நீங்க சொல்லுங்க. இதுதானா?"

கோல்மன் அவனைப் பார்த்தார். கெஞ்சவில்லை, வெறுமனே பார்த்தார். காற்று அவள் தலைத்துணியை இழுத்துக்கொண்டிருந்தது. ஆம் என்ற ஒரு சொல் போதும். அதைவிடப் பெரிய பொய்களை அவன் நாள்தோறும் மைக்கில் சொன்னவன்.

"தெரியாதுங்க" என்றான் மாலக்கி. "எந்தக் கல்லும் அதோட எடத்துல இல்ல. எல்லாத்தையும் பிடுங்கி அடுக்கச் சொன்னது நான்தான். இதையும் நேத்து நான்தான் ஊனினேன். இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. அடுத்த மூச்சிலேயே அப்படி லேசானதுதான் அவனைப் பயமுறுத்தியது. அவனிடமிருந்து இறங்கியது நோரீனின் முகத்தில் போய் ஏறியிருந்தது. அவள் கீழே இருந்த கல்லை மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு அதைச் சுற்றியிருந்த புல்லை, அதற்கப்பாலுள்ள புல்லை, மதில்வரை கண் போன இடத்தையெல்லாம் பார்த்தாள். எங்கே கால் வைப்பது என்று தெரியாதவள்போல, நின்ற இடத்திலேயே கால்களை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். "கேட்டேன், சொல்லிட்டீங்க."

அவன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அவள் கையை லேசாக உயர்த்தினாள்.

"இப்ப வேணாம் தம்பி. பாதிரியார் வந்துட்டாரு."

கோல்மன் அவனோடு மதில் இடைவெளிவரை நடந்து வந்தார். இடைவெளியில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"முன்பின் தெரியாதவங்களுக்கு அவ்வளவு கதை சொன்னீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்ல முடியாமப் போச்சு."

அவர் திரும்பிப் போனார். ஆனால் நோரீனின் பக்கத்தில் போகவில்லை, சற்றுத் தள்ளி நின்றார்.

மாலக்கி காரில் ஏறி உட்கார்ந்தான். அவளுக்காகச் சொன்னானா, தனக்காகச் சொன்னானா? உண்மை என்று தான் கொடுத்ததைக்கூட அவளிடமிருந்து ஒன்றைப் பிடுங்கித்தான் கொடுத்தானா? மேட்டில் செபம் தொடங்கிவிட்டது. சாவியைத் திருகினால் அந்தச் சத்தம் அங்கே கேட்கும். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, அது முடியும்வரை அப்படியே இருந்தான்.