பெத்து எங்ககிட்ட குடுங்க

கருக்கலைப்புக்கான கெடுவை இருபது வாரத்திலிருந்து இருபத்துநாலாக உயர்த்தச் சட்டத் திருத்தம் வரப்போகிறது என்று 2014 கடைசியில் செய்தி வந்ததும், ஜாஸ்பர் மைக்கைப் பிடித்துவிட்டான். நெய்வேலி சுரங்கத்தில் அவன் பர்மனென்ட். மாதா கோயில் பங்குப் பேரவையில் அதைவிடப் பர்மனென்ட். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு எதிர்ப்புக் கையெழுத்து வாங்கினான். நோட்டை நீட்டும் வேலை மனைவி மெர்லினுக்கு. அந்தச் சட்டம் வந்தால் யாருக்கு என்ன கெட்டுப்போகும் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை.

"கலைக்காதீங்க! பெத்து எங்ககிட்ட குடுங்க! நாங்க வளக்குறோம்!" என்று ஜாஸ்பர் முழங்க, பேரவையார் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை ஆதிலட்சுமி அவர்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். அந்த பிளாக்கில் தெரு கூட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"எனக்கு மூணாவது மாசம் சார். நேத்து கூட்டிக்கினே நீங்க பேசினதக் கேட்டேன். எந்த வூட்ல குடுக்கணும்ங்க?"

ஜாஸ்பர் கையிலிருந்த இட்லியைத் தட்டில் போட்டான். "அது... பேரவையில பேசணும்மா."

"பேசுங்க. வயித்தத் தள்ளிக்கினு போனா கான்ட்ராக்டர் நிறுத்திடுவாரு. அவருகிட்டயும் பேசுங்க. புதன்கிழம என்னய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

ஜாஸ்பர் பன்னிரண்டு பேருக்கும் போன் போட்டான். ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் மாமனாருக்கு ஆஸ்துமா, ஒருவர் வீட்டில் நாய்.

"நாமளே வளக்கலாமே," என்றாள் மெர்லின், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்து பகல்ல சும்மா தூங்கத்தானே செய்றீங்க?"

ரோஷம் வந்து, புதன்கிழமை கான்ட்ராக்டர் முன்னால் நாலு மணி நேரம் உட்கார்ந்து, பேறுகாலம் முடிந்ததும் ஆதிலட்சுமிக்கு அதே வேலை என்று கடிதம் எழுதி வாங்கிவிட்டான். வியாழனன்று மெர்லினையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

பாயில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நேத்தே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டேன் சார். மூணாவது பிள்ளய தாங்க எங்களால முடியாதுங்க."

அவன் பிரசங்கம் ஆரம்பிப்பான் என்று மெர்லின் பயந்தாள். அவனோ கடிதம் எதற்கென்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அதைக் கிழிக்கப் போனான்.

"அதக் கிழிச்சிடாதீங்க," என்றாள் ஆதிலட்சுமி. "எங்கூட கூட்டுற மாரியம்மாளுக்கு அஞ்சாவது மாசம். அவ பெத்துக்கணும்னுதான் இருக்கா. வேலை பூடுமேன்னு முந்தானைய இழுத்து மூடிக்கினு திரியறா."

"மறுபடியும் அந்தாளு மூஞ்சில முழிக்கணுமா?" என்று முனகியபடி ஜாஸ்பர் ஸ்கூட்டரை உதைத்தான். மெர்லின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அன்று கடிதத்தில் பெயர் மாற மூன்று மணி நேரம் ஆயிற்று. கான்ட்ராக்டர் இருமுறை சாப்பிடப் போவதாகச் சொல்லிப் பார்த்தார். மெர்லின் கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நகரவே இல்லை.